நாணயத்தின் டப்பாவை உடைக்கும் முன்

பழைய காசு சேர்க்கும் பெரியவர்களுக்கு இப்போது புதிதாக ஒரு கேள்வி வந்திருக்கிறது. அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பிள்ளைகள், அப்பாவுக்குப் பிடிக்குமே என்று ஒரு விக்டோரியா ரூபாயையோ ஒரு வெள்ளி டாலரையோ வாங்கி வருகிறார்கள். அது வெறும் நாணயமாக வருவதில்லை. உள்ளங்கை அளவு கெட்டி பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இருக்கிறது. மேலே ஒரு சீட்டு, அதில் நாணயத்தின் பெயர், ஒரு மதிப்பெண், ஒரு வரிசை எண். திருகும் கிடையாது, கொக்கியும் கிடையாது, திறக்க வழியே இல்லை. பருத்திப்பட்டு ஏரிக்கரையில் காலை நடை போகும்போது நாணயப் பேச்சு வந்தால், "இதை எப்படி சார் வெளியே எடுக்கிறது?" என்று யாராவது கேட்காமல் இருப்பதில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எடுக்கலாம், தப்பில்லை. எடுக்கும் வேலையும் அப்படி ஒன்றும் கஷ்டமில்லை. ஆனால் டப்பாவை உடைக்கிறவர் அந்தச் சீட்டு செய்துகொண்டிருந்த வேலையைத் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறார். அதற்குத் தயாராக இல்லாதவர் சுத்தியை எடுக்க வேண்டாம்.

சேகரிப்பாளர்கள் இந்த டப்பாவை ஸ்லாப் என்கிறார்கள். ஸ்லாப் என்றால் நமக்குச் சமையலறைக் கடப்பா கல்தான் ஞாபகம் வரும். இது வேறு. 1980களில் அமெரிக்காவில் நாணய வியாபாரிகளுக்கும் வாங்குகிறவர்களுக்கும் ஓயாத தகராறு. விற்கும்போது 'புத்தம் புதுசு' என்பார்கள், அதே நாணயத்தைத் திரும்ப வாங்கும்போது 'தேய்ந்தது' என்பார்கள். இதைத் தீர்க்க மூன்றாம் ஆளாக ஒரு நிறுவனம் நாணயத்தைப் பார்த்து மதிப்பெண் போட்டு, யாரும் மாற்றிவிடாதபடி டப்பாவில் அடைத்துத் தரும் முறை வந்தது. பி.சி.ஜி.எஸ். என்ற நிறுவனம் 1986இல் வேலையைத் தொடங்கியது, என்.ஜி.சி. 1987இல் வந்தது. இன்றும் பெரிய பெயர்கள் இவை இரண்டும்தான்.

மதிப்பெண் 1 முதல் 70 வரை. என்ன நாணயம் என்று அடையாளம் மட்டும் தெரிகிற அளவுக்குத் தேய்ந்தது 1. பூதக்கண்ணாடியிலும் குறை தெரியாதது 70. புழக்கத்துக்கே போகாத நாணயங்கள் 60க்கு மேல். நூற்றுக்கு நூறு என்று இல்லாமல் இதென்ன எழுபது என்று தோன்றும். வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949இல் அமெரிக்காவின் பழைய பெரிய செப்புக் காசுகளுக்காக வகுத்த கணக்கு இது. 1 பெற்ற காசைப் போல 70 பெற்ற காசு எழுபது மடங்கு விலை போகும் என்பது அவர் எண்ணம். அந்த விலைக் கணக்கு சீக்கிரமே பொய்த்துப்போனது, எண் மட்டும் நிலைத்துவிட்டது.

நம் ஊர் ஆட்களுக்குப் புரிய இன்னும் சுலபமான உதாரணம் இருக்கிறது. அட்சய திருதியைக்கு வாங்கும் தங்கக் காசு ஒரு அட்டைக்குள் சீல் வைத்து வருகிறதே, அதுதான். 2015 நவம்பரில் மத்திய அரசு கொண்டுவந்த அசோகச் சக்கரம் போட்ட தங்கக் காசும் அப்படிப் பிரித்தால் தெரிந்துவிடும் உறையில்தான் வந்தது. அட்டையைப் பிரித்தால் தங்கம் குறைந்துவிடாது. ஆனால் விற்கப் போகும்போது, "அட்டை எங்கே?" என்பதுதான் முதல் கேள்வி. அட்டை இல்லை என்றால் உரசிப் பார்க்கிறார்கள், சில இடங்களில் கழிவும் போடுகிறார்கள். அட்டை என்பது பிளாஸ்டிக்குக்குள் வைத்த ஒரு சாட்சி. சாட்சியை அனுப்பிவிட்டு வழக்குக்குப் போனால் என்ன ஆகும்?

ஆகவே விற்கும் எண்ணம் துளி இருந்தாலும் ஸ்லாபை உடைக்காதீர்கள். பின்னால் வேண்டுமானால் திரும்ப அனுப்பி ஒட்டிக்கொள்ளலாம் என்றும் நினைக்காதீர்கள். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு தாண்டிய நாணயம் தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. பிள்ளை கொண்டுவந்த 1862ஆம் ஆண்டு ரூபாயை இங்கே உடைத்துவிட்டு, மறுபடி மதிப்பெண் வாங்க அமெரிக்காவுக்குத் தபாலில் அனுப்புவது நடக்காத காரியம்.

அப்படியானால் யார்தான் உடைக்கலாம்? விற்கப் போவதில்லை, வீட்டிலேயே வைத்துப் பார்க்கப் போகிறேன் என்பவர் உடைக்கலாம். அதற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. டப்பாவுக்குள் இருக்கும் நாணயத்தை எடை போட முடியாது. பல டப்பாக்களில் விளிம்பையும் சரியாகப் பார்க்க முடியாது. நாணயத்தைப் படிக்க விரும்புகிறவனுக்கு இரண்டும் முக்கியம். வெள்ளைக்காரன் காலத்து ரூபாயின் எடை சரியாக ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். விளிம்பைச் சுற்றி வரிவரியாகப் பல் வெட்டியிருக்கும். போலி பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இந்த இரண்டு இடங்களில்தான். போலி ஸ்லாப்களும் சந்தையில் உலவுகின்றன. உண்மையான நாணயத்தின் வரிசை எண்ணைக் காப்பியடித்துப் போலி டப்பாவில் போட்டுவிடுகிறார்கள். அதனால் டப்பாவைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தேவையில்லை. சீட்டிலுள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் விவரம் வரும், பல நாணயங்களுக்குப் படமும் வரும். பேரப்பிள்ளையிடம் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவான்.

இன்னொரு காரணமும் உண்டு, அதை நான் குறைவாக எடைபோட மாட்டேன். நாணயம் என்பது கையில் பிடிப்பதற்காகச் செய்த பொருள். அதன் கனமும் குளிர்ச்சியும் பிளாஸ்டிக் வழியாக வராது. எழுபது வயதுக்குப் பிறகு ஒருவர் தன் சொந்த நாணயத்தைக் கையில் எடுத்துப் பார்க்க ஆசைப்பட்டால் யார் தடுக்க முடியும்?

சரி, முறைக்கு வருவோம். தொழிற்சாலை டூல் ரூமில் பல வருடம் கை பழகியவன் என்பதால் இதை விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் டப்பாவை இரண்டு பக்கமும் தெளிவாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டிலுள்ள எண் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். உடைத்த பிறகு இந்தப் படத்தை எடுக்க முடியாது.

மேஜை மேல் தடிமனான டர்க்கி டவலை இரண்டாக மடித்து விரியுங்கள். மொசைக் தரையில் உட்கார்ந்து செய்யாதீர்கள். நாணயம் விளிம்பில் விழுந்தால் அந்த அடி அதன் ஆயுள் முழுக்க இருக்கும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பிளாஸ்டிக் வளையாது, தெறிக்கும். குழந்தைகள் பக்கத்தில் நிற்க வேண்டாம். கை நடுக்கம் உள்ளவர்கள் வெட்கப்படாமல் மகனையோ மருமகளையோ செய்யச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து மேற்பார்வை பாருங்கள். நமக்குப் பிடித்த வேலையும் அதுதானே.

ஸ்லாப் இரண்டு பாதிகளைச் சேர்த்து ஒட்டியது. பசை போட்டு ஒட்டுவதில்லை, காதுக்குக் கேட்காத ஒலி அதிர்வால் விளிம்பை உருக்கி இணைக்கிறார்கள். எனவே அதன் பலம் முழுவதும் விளிம்பில்தான் இருக்கிறது. நாம் வேலை செய்ய வேண்டியதும் விளிம்பில்தான். சீட்டு இருக்கும் பக்கம் நாணயத்திலிருந்து தூரமாக இருக்கும். தொடங்க வேண்டிய இடம் அது.

டப்பாவைக் கெட்டியான பாலிதீன் கவருக்குள் போடுங்கள். கட்டிங் பிளேயரால் சீட்டுப் பக்கத்து மூலை ஒன்றைக் கவரோடு சேர்த்துப் பிடித்து நெருக்குங்கள். படக்கென்று ஒரு துண்டு உடையும். அடுத்த மூலையையும் அப்படியே செய்யுங்கள். பிறகு அந்தப் பக்க விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துக்கொண்டே போனால் இரண்டு பாதிகளுக்கு நடுவே இடைவெளி தெரியும். அதில் தட்டையான திருப்புளியின் நுனியை மட்டும் வைத்து, சாவி திருப்புவது போல மெல்லத் திருப்புங்கள். குத்தித் தள்ளக் கூடாது. திருப்புளியின் முனை எந்த நேரத்திலும் நாணயத்தின் திசையைப் பார்க்கக் கூடாது. இந்த ஒரு விதியை மறக்காவிட்டால் மற்றதெல்லாம் தானாகச் சரியாக வரும்.

சிலர் சுத்தியால் அடிக்கிறார்கள். அடிப்பதானால் டப்பாவைத் துண்டில் சுற்றி, சீட்டுப் பக்க விளிம்பு மேலே வரும்படி நிறுத்தி, அந்த விளிம்பில் லேசாகத் தட்ட வேண்டும். படுக்க வைத்து நடுவில் அடித்தால் உடைந்த பிளாஸ்டிக் நேராக ராணியின் கன்னத்தில் இறங்கும்.

செய்யக் கூடாதவையும் இருக்கின்றன. அடுப்பிலோ வெந்நீரிலோ காட்டி இளக்கக் கூடாது. தின்னர், பெட்ரோல், நகப்பாலிஷ் நீக்கும் அசிட்டோன் எதையும் ஊற்றக் கூடாது. அசிட்டோன் இந்த வகைப் பிளாஸ்டிக்கைக் கரைத்துக் கூழாக்கிவிடும், அந்தக் கூழ் நாணயத்தின் மேல் படியும். ஹேக்ஸா பிளேடால் அறுப்பவர்களும் உண்டு. வைஸில் பிடித்து, சீட்டுப் பக்க விளிம்பில் மட்டும், பழகிய கை அறுத்தால் பரவாயில்லை. மற்றவர்களுக்கு பிளேடு நழுவும்.

டப்பா பிரிந்ததும் நாணயம் ஒரு மெல்லிய வளையத்துக்குள் உட்கார்ந்திருக்கும். வளையத்தோடு துண்டின் மேல் கவிழுங்கள். வளையத்தை விளிம்புப் பக்கமாக விரித்து விடுங்கள், முகத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தாதீர்கள். கை சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்கட்டும். நாணயத்தை எப்போதும் விளிம்பில் பிடிக்க வேண்டும், ஆட்காட்டி விரலும் கட்டைவிரலும் போதும். அதைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டாம். எச்சில் துளி பட்ட இடம் சில மாதம் கழித்துப் புள்ளியாக எழும்பும். பிளாஸ்டிக் துகள் ஒட்டியிருந்தால் துணியால் துடைக்காதீர்கள், கோடு விழும். கேமராவுக்கு விற்கும் ரப்பர் ஊதியால் ஊதினால் போய்விடும்.

இதுவரை சொன்னதில் பெரிய ஆபத்து எதுவும் இல்லை. உண்மையான ஆபத்து இதற்குப் பிறகுதான். அதன் பெயர் புளி.

நம் வீடுகளில் கையில் கிடைத்த உலோகத்தையெல்லாம் துலக்கிவிடுவது ஒரு பழக்கம். செம்புக்குப் புளி, வெள்ளிக்கு விபூதி, அதற்கும் மசியாவிட்டால் பல்பொடி. வெளியே எடுத்த நாணயம் பூஜை அறைக்குப் போகிறது. வெள்ளிக்கிழமை குத்துவிளக்கோடு சேர்ந்து அதற்கும் ஒரு தேய்ப்பு விழுகிறது. ஆயுத பூஜை வந்தால் இன்னொன்று. பளபளவென்று ஆகிவிட்டதே என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். அச்சு விழுந்த நாளில் உலோகம் ஓடிப் படிந்த இழைகள்தான் நாணயத்துக்கு உயிரான ஒளியைத் தருகின்றன. விபூதி அந்த இழைகளைத் தேய்த்துவிடும். புளி செம்பின் மேல்தோலையே அரித்துவிடும். போன ஒளி திரும்ப வராது. நூறு வருடத்தில் வெள்ளியின் மேல் படிந்த கருநீலப் படலம் அழுக்கில்லை, அதன் வயது. தேய்த்த நாணயத்துக்கு மதிப்பெண் நிறுவனங்கள் எண்ணே போடுவதில்லை. 'தேய்க்கப்பட்டது' என்று எழுதி ஒதுக்கிவிடுகிறார்கள்.

நடைப்பயிற்சி நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "அப்போ பூஜையில வைக்கவே கூடாதா சார்?" என்று கேட்டார். வையுங்கள், ஆனால் பூஜைக்கென்று வேறொரு காசை வையுங்கள் என்றேன். நகைக்கடையில் லட்சுமி உருவம் போட்ட வெள்ளிக் காசு கிடைக்கிறது. அதை எவ்வளவு தேய்த்தாலும் லட்சுமி கோபிக்க மாட்டாள். விக்டோரியா மகாராணி கோபிப்பாள்.

வெளியே வந்த நாணயத்துக்கு வேறு வீடு வேண்டும். நாணயத்தின் அளவுக்கே வரும் வட்டமான கெட்டி கேப்சூல் நல்லது. பழைய ரூபாயின் குறுக்களவு 30.5 மில்லிமீட்டர், அதைச் சொல்லி வாங்குங்கள். வளைகிற மாதிரி மெத்தென்று இருக்கும் பி.வி.சி. ஆல்பங்கள் வேண்டாம். நம் ஊர் வெயிலில் அவை வியர்த்து, பச்சையாகப் பிசுபிசுவென்று ஒன்றைக் கக்கி நாணயத்தை அரிக்கும். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள், அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும். ஏரியோரத்து வீடுகளில் ஐப்பசி கார்த்திகையில் பீரோவுக்குள்ளேயே ஈரம் இறங்கும். மருந்துப் பாட்டிலில் வருகிறதே சிலிக்கா ஜெல் பொட்டலம், அதைத் தூக்கிப் போடாமல் காசுப் பெட்டியில் போடுங்கள்.

இப்போது நான் முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். சீட்டின் வேலை.

ஒரு பெரியவர் காலமான பிறகு அவருடைய காசுப் பெட்டியைப் பிள்ளைகள் எப்படிப் பிரிக்கிறார்கள் என்று பார்த்திருப்பீர்கள். யாருக்கும் எது என்ன என்று தெரியாது. மூன்று பங்காக எண்ணிப் போடுகிறார்கள். ஒருவர் தன் பங்கை வெள்ளிக்கடைக்குக் கொண்டுபோகிறார். கடைக்காரர் மொத்தமாகத் தராசில் கொட்டுகிறார். நாற்பது வருடம் ஒருவர் தேடித் தேடிச் சேர்த்தது ஐந்து நிமிடத்தில் பழைய வெள்ளி ஆகிவிடுகிறது. கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. பேர் தெரியாத காசுக்கு அவருக்குத் தெரிந்த விலை எடை ஒன்றுதான்.

எடையிலும் சிக்கல் இருக்கிறது. 1939 வரை ரூபாயில் வெள்ளி 91.7 சதவீதம். 1940 முதல் பாதி வெள்ளி, பாதி வேறு உலோகம். ராஜா தலையைப் பார்த்தால் வீட்டு ஆட்களுக்கு வித்தியாசம் தெரியாது. 1947இல் வந்த புலி போட்ட ரூபாயில் வெள்ளியே கிடையாது, நிக்கல். ஜார்ஜ் மன்னர் ரூபாயில் 1939 என்ற ஆண்டு அரிது, 1940க்குப் பிந்தியவை சாதாரணம். 1911ஆம் ஆண்டு ரூபாயில் ராஜாவின் அங்கியிலிருந்த யானை பன்றி போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு வந்து, அடித்ததில் பெரும்பகுதியை அரசு உருக்கிவிட்டது. அடுத்த வருடம் தும்பிக்கையைத் திருத்தினார்கள். அந்தப் 'பன்றி ரூபாய்' ஒன்று உங்கள் பெட்டியில் இருந்தால், அது தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். 1862 என்று போட்ட ரூபாயை அதே ஆண்டு எண்ணோடு 1874 வரை அடித்தார்கள். பம்பாயில் அடித்தவற்றை நுணுக்கமான புள்ளிகளை எண்ணித்தான் இது எந்த வருடத்தது என்று பிரிக்கிறார்கள். ஸ்லாபின் சீட்டு இவற்றையெல்லாம் இரண்டு வரியில் சொல்லிக்கொண்டிருந்தது. நாணயம் தானாகச் சொல்லாது.

அதனால் டப்பாவை உடைத்த அன்றைக்கே, மை காயும் முன் பெட்டியை மூடாமல், ஒரு கெட்டித் தாளில் எழுதுங்கள். என்ன நாணயம், எந்த ஆண்டு, எந்த நாணயசாலை, எடை எவ்வளவு, யார் வாங்கி வந்தது, எந்த வருடம், என்ன விலை. பழைய சீட்டைத் தூக்கிப் போடாமல் அதோடு சேர்த்து வையுங்கள். அந்த நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் தகவல் சொன்னால் இன்னும் நல்லது. டப்பாவில் இருக்கும் நாணயங்களின் கணக்கை அவர்கள் வெளியிடுகிறார்கள், உடைத்ததைச் சொல்லாவிட்டால் அந்தக் கணக்கு தப்பாகவே நிற்கும்.

நாம் எழுதும் தாளில் அந்த நிறுவனங்களால் எழுத முடியாத ஒன்றையும் எழுதலாம். பாட்டியின் காசுமாலையிலிருந்து கழற்றிய ரூபாயில் வளையம் பற்றவைத்த தழும்பு இருக்கும். அதை ஸ்லாபுக்கு அனுப்பினால் 'சேதம்' என்று எழுதி வரும், எண் கிடைக்காது. அவர்கள் அளவுகோலில் அது சரிதான். ஆனால் யார் கழுத்தில் இருந்தது, எந்தக் கஷ்டத்துக்கு மாலையிலிருந்து எத்தனை காசு கழன்றது, எப்படி இந்த ஒன்று மட்டும் மிஞ்சியது என்பதை நம் வீட்டு ஆட்கள்தான் எழுத முடியும். 1898இல் புதுக்கோட்டைப் பக்கம் கிடைத்த ரோமானியத் தங்கக் காசுகளில் பெரும்பாலானவற்றின் மன்னர் முகத்தில் உளி வெட்டு இருந்தது. அந்த வெட்டை ஆராய்ச்சியாளர்கள் இன்றும் பேசுகிறார்கள். வெட்டியவர் ஏன் வெட்டினோம் என்று ஒரு ஓலையில் எழுதி வைத்திருந்தால் இத்தனை பேச்சுக்கு அவசியம் இருந்திருக்காது.

டப்பாவை உடைக்கலாமா வேண்டாமா என்று இனி கேட்பவர்களுக்கு என் பதில் ஒரு கேள்விதான். எழுதுவீர்களா? எழுதுவேன் என்றால் கட்டிங் பிளேயரை எடுங்கள். சோம்பலாக இருக்கிறது, பார்க்கலாம் என்றால் டப்பா அப்படியே இருக்கட்டும். நீங்கள் இல்லாத நாளில் உங்கள் பிள்ளைக்கு அதன் பெயரையாவது அது சொல்லும்.